ஏப்ளாஸ்டிக் அனீமியா: சிகிச்சையின் வரலாறும் கீமோதெரபியின் இடமும்

ஏப்ளாஸ்டிக் அனீமியா என்பது எலும்பு மஜ்ஜை தன் வேலையாகிய ரத்த அணு உற்பத்தியை ஏறத்தாழ நிறுத்திவிடும் ஓர் அரிய நோய் ஆகும். தமிழில் இதனை மஜ்ஜை செயலிழப்பு ரத்தசோகை எனலாம். இது புற்றுநோய் அன்று. ஆயினும் இதன் சிகிச்சையில் புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோதெரபி மருந்துகள் சில பயன்படுகின்றன. திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி வட்டாரங்களில் இந்நோய் வந்தவர்கள் பெரும்பாலும் நாடிச் செல்லும் இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மருத்துவர் 'கீமோ' என்று சொன்னதும், நோய் புற்றுநோய்தான், நம்மிடம் மறைக்கிறார்கள் என்று குடும்பத்தார் கலங்குவது இயல்பு. புற்றுநோய் இல்லாதவருக்குப் புற்றுநோய் மருந்து எதற்கு? இந்தக் கேள்விக்கான விடை, கடந்த நூறு ஆண்டுக்கும் மேலான மருத்துவ வரலாற்றில் இருக்கிறது.

நோயின் இயல்பு

இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றின் உட்புறத்தில் உள்ள மென்மையான பகுதியே எலும்பு மஜ்ஜை. அங்குள்ள தாய் அணுக்கள் (ஸ்டெம் செல்கள்) பெருகிச் சிவப்பணுக்களாகவும் வெள்ளையணுக்களாகவும் தட்டணுக்களாகவும் மாறுகின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். தட்டணுவின் ஆயுள் 10 நாள். தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணு ரத்தத்தில் ஒரு நாள் அளவே இருக்கும். ஆகவே உற்பத்தி நின்றால் மூன்று வகை அணுக்களும் குறைகின்றன. சிவப்பணு குறைவதால் களைப்பும் மூச்சிரைப்பும், தட்டணு குறைவதால் ஈறுகளிலும் மூக்கிலும் ரத்தக் கசிவும் தோலில் சிவந்த புள்ளிகளும், வெள்ளையணு குறைவதால் ஓயாத காய்ச்சலும் உண்டாகின்றன.

நம் ஊர்களில் ரத்தசோகை என்றாலே இரும்புச்சத்துக் குறைவு என்று கொள்வது வழக்கம். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை அந்த ரத்தசோகைக்குப் பயன் தரும். ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் குறைவது மூலப்பொருள் அல்ல. உற்பத்தி செய்யும் அணுக்களே அழிந்துவிடுகின்றன. மஜ்ஜையில் அவை இருந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்கிறது. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இந்தப் பரிசோதனை இல்லாமல் நோயை உறுதி செய்ய இயலாது.

ரத்தப் புற்றுநோயில் மஜ்ஜை முழுவதும் கெட்ட அணுக்களால் நிறைந்திருக்கும். ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் மஜ்ஜை வெறுமையாக இருக்கும். வெளியே தெரியும் அறிகுறிகள் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நிலைமை நேர் எதிரானது.

மேலை நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு இந்நோய் வருகிறது. ஆசிய நாடுகளில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. இளைஞர்களிடம் ஒரு முறையும் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் மறுமுறையும் இது கூடுதலாகத் தென்படுகிறது.

பெயரும் காரணங்களும்

1888-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக், 21 வயதுக் கர்ப்பிணி ஒருவரின் நோயைப் பதிவு செய்தார். கடும் ரத்தசோகை, ரத்தப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றால் அப்பெண் விரைவில் இறந்தார். உடற்கூறு ஆய்வில் அவருடைய தொடையெலும்பின் மஜ்ஜை சிவப்பாக இல்லாமல் மஞ்சள் நிறக் கொழுப்பாக இருந்தது. 1904-இல் பிரெஞ்சு மருத்துவர் அனடோல் ஷோஃபார் இதற்கு 'ஏப்ளாஸ்டிக்' என்னும் பெயரை வழங்கினார். புதிதாக எதுவும் உருவாகாத நிலை என்பது அதன் பொருள்.

மஜ்ஜையை எது அழிக்கிறது என்ற தேடலில் முதலில் சிக்கியது பென்சீன். 1897-இல் சுவீடனில், மிதிவண்டி டயர் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண்களுக்கு இந்நோய் வந்ததைச் சான்டஸன் என்பவர் எழுதினார். ரப்பரைக் கரைக்க அங்கே பென்சீன் பயன்பட்டது.

அடுத்தது கதிரியக்கம். ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி 1934-இல் ஏப்ளாஸ்டிக் அனீமியாவால் இறந்தார். பல்லாண்டுகள் பாதுகாப்பின்றிக் கதிரியக்கப் பொருள்களோடு பழகியதே காரணம் என்று கருதப்படுகிறது. அதே ரேடியம் புற்றுநோய்க்கு மருந்தாகவும் ஆயிற்று. திருவண்ணாமலைக்கும் அது வந்தது: 1949-இல் ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய சார்கோமா என்னும் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சைகளோடு ரேடிய சிகிச்சையும் அளிக்கப்பட்டது. அணுக்களை அழிக்கும் ஒரு பொருளை, அளவும் இடமும் அறிந்து நோய் தீர்க்கப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றிவிட்டது. கீமோதெரபியின் அடிப்படையும் அதுவே.

மூன்றாவது காரணம் மருந்துக்கடையில் கிடைத்தது. 1940-களின் இறுதியில் வந்த குளோராம்ஃபெனிகால், டைபாய்டு காய்ச்சலுக்கு அருமருந்தாக விளங்கியது. மிகச் சிலருக்கு அது மஜ்ஜையை மீளாதபடி அழித்துவிடுகிறது என்பது 1950-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. பல்லாயிரம் பேரில் ஒருவருக்கே இப்படி நேரும். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. எனவே பாதுகாப்பான மாற்று மருந்துகள் வந்தபின் இதன் பயன்பாடு குறைந்தது.

தாய்லாந்தில் நடந்த ஆய்வுகள் சில பூச்சிக்கொல்லி மருந்துகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று காட்டின. நெல்லும் நிலக்கடலையும் விளையும் திருவண்ணாமலை மாவட்டத்தில், மருந்து தெளிக்கும்போது முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்வது நல்லது என்பதற்கு இது மேலும் ஒரு காரணம். ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இன்னது காரணம் என்று சுட்ட முடிவதில்லை.

நஞ்சிலிருந்து வந்த மருந்து

முதல் உலகப் போரில் கடுகு வாயு என்னும் நச்சுவாயு பயன்பட்டது. அதனால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது மஜ்ஜை வெறுமையாகிக் கிடந்ததை மருத்துவர்கள் கண்டனர். 1919-இல் இது நூல்வழி பதிவாயிற்று. பெருகும் அணுக்களை இந்த நஞ்சு அழிக்குமானால், அளவின்றிப் பெருகும் புற்று அணுக்களையும் அழிக்குமே என்ற சிந்தனை பிறந்தது. 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அவ்வாயுவின் உறவுப்பொருளான நைட்ரஜன் மஸ்டர்டு, நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்குத் தரப்பட்டது. இக்காலக் கீமோதெரபியின் தொடக்கம் இதுவே. 1950-களின் இறுதியில் ஜெர்மனியில் இதே வரிசையில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்து உருவானது. ஏப்ளாஸ்டிக் அனீமியாவின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர் இது.

மஜ்ஜையை வெறுமையாக்கும் மருந்து, மஜ்ஜை வெறுமையான நோய்க்கு எப்படி உதவியது என்பதுதான் வியப்புக்குரியது.

இரட்டையர் கற்பித்த பாடம்

மஜ்ஜை அழிந்தவருக்கு வேறொருவரின் மஜ்ஜையைக் கொடுத்தால் என்ன? அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1957-இல் இம்முயற்சியைத் தொடங்கினார். தொடக்கத்தில் தோல்விகளே மிகுதி. ஒருவரின் உடல் மற்றவரின் அணுக்களை அந்நியர் எனக் கண்டு விரட்டிவிட்டது. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு இடையே மட்டும் இந்தத் தடை இல்லை. 1961-இல் ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளி ஒருவர் தம் இரட்டைப் பிறப்பின் மஜ்ஜையைப் பெற்று நலமடைந்த செய்தி வெளியாயிற்று.

பின்னர் இத்தகைய இரட்டையர் பலருக்கு மஜ்ஜை செலுத்தியபோது ஒரு புதிர் எழுந்தது. மஜ்ஜையை ஊசி வழியே செலுத்தியதும் சிலர் குணமடைந்தனர். வேறு சிலருக்கோ, கொடுத்தவர் இரட்டையராகவே இருந்தும், புதிய மஜ்ஜையும் பழையதைப் போலவே அழிந்தது. அவர்களுக்கு முதலில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து, அதன்பின் மஜ்ஜை செலுத்தியபோது அது நிலைத்தது. தாய் அணு இல்லாமை மட்டுமே நோய் என்றால் முதல் முறையே போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே அந்நோயாளிகளின் உடலில் மஜ்ஜையைத் தாக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. கீமோதெரபி அதை ஒடுக்குகிறது என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தனர்.

தாக்குவது நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களே என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. டி லிம்போசைட் எனப்படும் அவை, காக்க வேண்டிய மஜ்ஜையையே பகையாகக் கொள்கின்றன. வேலியே பயிரை மேயும் நிலை இது.

கீமோதெரபியின் முதற்பணி: இடம் ஒருக்குதல்

1958-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே, வெள்ளையணுக்களின் மேல் உள்ள அடையாளக் குறிகளைக் கண்டறிந்தார். எச்.எல்.ஏ. என அழைக்கப்படும் இக்குறிகள் பொருந்தினால் மஜ்ஜையும் பொருந்தும். உடன்பிறந்தவர் ஒருவரோடு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்த அறிவு வந்தபின் 1972-இல் தாமஸ் குழுவினர், ஏப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளுக்கு உடன்பிறந்தோரின் மஜ்ஜையைச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டனர். தாமஸுக்கு 1990-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையில் மஜ்ஜை செலுத்துவதற்கு முன் நான்கு நாள்கள் சைக்ளோபாஸ்பமைடு தரப்பட்டது. புதிய மஜ்ஜையை நோயாளியின் உடல் விரட்டாமல் இருக்க அவருடைய எதிர்ப்பு அணுக்களை அடக்குவதே இதன் நோக்கம். ரத்தப் புற்றுநோயில் கீமோதெரபி, கெட்ட அணுக்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிக்க வேண்டும். அதற்காக உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு சேர்ப்பதும் உண்டு. ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் அழிக்க வேண்டிய புற்று அணு ஏதும் இல்லை. ஆகவே மருந்துகளின் சேர்க்கை மென்மையானதாக இருக்க முடிகிறது. முடி உதிர்தல், குமட்டல், வாய்ப்புண் போன்றவை இங்கும் நேரும். குழந்தைப்பேற்றுத் திறன் பாதிக்கப்படலாம் என்பதால் இளவயதினர் அதைப் பற்றி முன்னரே மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

1994-இல் ரெய்னர் ஸ்டார்ப் குழுவினர், சைக்ளோபாஸ்பமைடுடன் ஏ.டி.ஜி. என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, பொருந்திய உடன்பிறந்தோரின் மஜ்ஜை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைத்ததைக் காட்டினர். கடும் நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டாத காலம் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால் இந்த மாற்றத்தின் அளவு புரியும்.

குதிரை தந்த மருந்து

பொருந்தும் உடன்பிறப்பு இல்லாதவருக்கு வழி என்ன? அதற்கான விடை ஒரு தோல்வியிலிருந்து வந்தது. 1970-இல் பிரான்சில் ஜார்ஜ் மாத்தே, எதிர்ப்பு அணுக்களை ஒடுக்கும் ஊனீர் ஒன்றைக் கொடுத்துவிட்டு மஜ்ஜை செலுத்தினார். செலுத்திய மஜ்ஜை நிலைக்கவில்லை. ஆனால் நோயாளியின் சொந்த மஜ்ஜை மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது! 1977-இல் சுவிட்சர்லாந்தின் புரூனோ ஸ்பெக் இதையே ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார்.

இந்த ஊனீரே இன்றைய ஏ.டி.ஜி. மனித லிம்போசைட் அணுக்களைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பர். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து தயாரிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. குதிரைப் புரதம் என்பதால் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு முதலியவை வரலாம். மருத்துவமனையில் வைத்தே கொடுக்க வேண்டும்.

இதனோடு சேர்ந்தது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட இம்மருந்து, 1980-களில் சிறுநீரக மாற்று சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஏ.டி.ஜி.யுடன் இதையும் தந்தால் பயன் கூடும் என்பதை 1991-இல் ஜெர்மானிய ஆய்வு நிறுவியது. இச்சிகிச்சையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று குதிரை ஏ.டி.ஜி.யையும் முயல் ஏ.டி.ஜி.யையும் ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் முன்னதற்கு 68 விழுக்காட்டினரும் பின்னதற்கு 37 விழுக்காட்டினரும் பலன் கண்டனர். ஐரோப்பியக் குதிரை ஏ.டி.ஜி. 2007-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டபின் பல நாடுகள் திண்டாடின. இந்தியாவில் குதிரை ஏ.டி.ஜி. உள்நாட்டிலேயே தயாராவது நோயாளிகளுக்கு உதவியாக அமைந்தது.

2012-க்குப் பிறகு எல்ட்ராம்போபேக் என்னும் மாத்திரை வந்தது. மிஞ்சியிருக்கும் தாய் அணுக்களைத் தூண்டி மூவகை அணுக்களையும் பெருகச் செய்யும் இம்மருந்து, இன்று ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின் ஆகியவற்றோடு தொடக்கத்திலேயே சேர்த்துத் தரப்படுகிறது. ஏ.டி.ஜி.க்குப் பணம் இல்லாதவர்களுக்கு டனசால், ஸ்டானசோலால் போன்ற ஆண்மை இயக்குநீர் சார்ந்த மாத்திரைகளும் சைக்ளோஸ்போரினும் நெடுங்காலம் கைகொடுத்து வந்துள்ளன. இவற்றில் எதுவும் கீமோதெரபி அன்று.

கீமோதெரபி மட்டும் போதுமா?

எதிர்ப்பு அணுக்களை அடக்குவதே வேலை என்றால், மஜ்ஜை மாற்று இல்லாமலே சைக்ளோபாஸ்பமைடு மட்டும் கொடுத்துப் பார்க்கலாமே? 1996-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், இப்படிச் சிகிச்சை பெற்ற பத்து நோயாளிகளின் நிலையை வெளியிட்டனர். பெரும்பாலோர் மீண்டிருந்தனர். இதற்கு ஓர் அறிவியல் விளக்கமும் உண்டு. தாய் அணுக்களில் ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி மிகுதி. அது சைக்ளோபாஸ்பமைடைச் செயலிழக்கச் செய்கிறது. எனவே தாக்கும் லிம்போசைட்டுகள் மடிய, மிஞ்சிய தாய் அணுக்கள் தப்புகின்றன.

ஆனால் இந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இம்முறையை ஏ.டி.ஜி.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது. கீமோதெரபி பெற்றவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றும் இறப்பும் மிகுந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். முடிவு 2000-இல் வெளியானது. உயர் அளவில் இம்மருந்து தந்தபின் வெள்ளையணுக்கள் மீண்டு வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். வெப்பமும் ஈரமும் மிகுந்து பூஞ்சைத் தொற்று எளிதில் பரவும் நம் நாட்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே கீமோதெரபியை மட்டும் நம்பும் சிகிச்சை, பொதுவழக்கில் முதல் தேர்வாக ஏற்கப்படவில்லை.

வேலூரில் 1986

ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் பின்னர் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இந்தியாவின் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. 1986-இல் வேலூரில் மருத்துவர் மாமன் சாண்டியின் தலைமையில் இச்சிகிச்சை தொடங்கப்பட்டது. பெருநகரம் அல்லாத ஓர் ஊரில் இது நடந்தது குறிப்பிடத்தக்கது. அப்போது திருவண்ணாமலை, வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1989-இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மாமன் சாண்டிக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மேலை நாட்டு முறையை அப்படியே பின்பற்றுவதில் வேலூர் மருத்துவர்களுக்கு ஒரு தடை இருந்தது. நோயாளிகள் காலம் கடந்து வந்தனர். வருவதற்குள் பலமுறை ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. உடலில் தொற்றும் இருந்தது. பலரின் ரத்தம் ஏறிய உடல், அந்நிய அணுக்களை அடையாளம் காணப் பழகிவிடுகிறது. அத்தகையவருக்குச் சைக்ளோபாஸ்பமைடு மட்டும் கொடுத்தால் புதிய மஜ்ஜை நிலைக்காமல் போகும் ஆபத்து மிகுதி. எனவே ஃப்ளூடராபின் என்னும் மற்றொரு கீமோதெரபி மருந்தை அதனுடன் சேர்த்தனர். நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்காக உருவான இம்மருந்து, லிம்போசைட்டுகளைத் திறம்பட ஒடுக்கவல்லது. மற்ற உறுப்புகளுக்குத் தரும் துன்பம் குறைவு. இச்சேர்க்கையால் மஜ்ஜை நிராகரிப்பு குறைந்து, பிழைப்போர் கூடியதை வேலூர் மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்டனர். உலகின் பல மையங்களிலும் ஃப்ளூடராபின் இன்று இடம்பெற்றுள்ளது.

கீமோதெரபியின் அடுத்த பணி: மாற்றுக்குப் பின்

சிறு குடும்பங்கள் பெருகிய இக்காலத்தில் பொருந்தும் உடன்பிறப்பு கிடைப்பது அரிதாகி வருகிறது. இதற்கு மூன்று வழிகள் திறந்துள்ளன. முதலாவது, தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன் திருமண உறவுகள் இருப்பதால், உடன்பிறந்தாரைத் தாண்டிய நெருங்கிய உறவினரிடமும் பொருத்தம் தேடிப் பார்ப்பது. இரண்டாவது, கொடையாளர் பதிவேடு. 2009-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி அமைப்பு, முன்பின் அறியாதவருக்கும் தாய் அணுக்களை வழங்க முன்வருவோரைப் பதிவு செய்கிறது. பெரும்பாலும் கையில் உள்ள ரத்தநாளம் வழியே அணுக்களைச் சேகரிக்க முடிவதால் கொடையாளருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

மூன்றாவது வழி, பாதி மட்டும் பொருந்தும் தாய், தந்தை, பிள்ளை ஆகியோரின் மஜ்ஜை. இதில் புதிய மஜ்ஜையோடு வரும் லிம்போசைட்டுகள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஆபத்து உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். மஜ்ஜை செலுத்தி மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுப்பர். புதிய இடத்தைக் கண்டு கிளர்ந்தெழும் லிம்போசைட்டுகள் அந்நேரத்தில் வேகமாகப் பெருகிக்கொண்டிருப்பதால் அழிகின்றன. அமைதியாக இருக்கும் தாய் அணுக்கள் தம் நொதியின் துணையால் தப்புகின்றன. தனித்து நின்று தோற்ற மருந்து இங்கே சரியான நேரத்தில் தரப்பட்டு வெற்றி கண்டது.

பிறவியிலேயே வரும் வகை

ஏப்ளாஸ்டிக் அனீமியாவில் ஒரு பிரிவு மரபுவழி வருவது. 1927-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் குய்தோ ஃபான்கோனி விவரித்த ஃபான்கோனி அனீமியா அவற்றுள் முக்கியமானது. குழந்தை குள்ளமாக இருத்தல், கட்டைவிரல் குறைபாடு, தோலில் கருநிறத் திட்டுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். நெருங்கிய உறவுத் திருமணங்களில் இது வரும் வாய்ப்பு கூடுகிறது. இக்குழந்தைகளின் அணுக்களுக்கு, பழுதான மரபுப்பொருளைச் சீர்செய்யும் திறன் குறைவு. மற்றவர் தாங்கும் கீமோதெரபி அளவு இவர்களுக்கு உயிராபத்தாக முடியும். எனவே மாற்று சிகிச்சைக்கு முன் மருந்தின் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்று பிரெஞ்சு மருத்துவர் எலியான் குளுக்மன் காட்டினார். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இந்நோய் வந்தால், சிகிச்சைக்கு முன்பே ஃபான்கோனி பரிசோதனை செய்வது இதனால்தான்.

சிகிச்சைத் தேர்வு இன்று

நோயின் கடுமையை அளவிட 1970-களில் புரூஸ் கமிட்டா வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. மஜ்ஜையில் அணுச்செறிவு 25 விழுக்காட்டுக்கும் கீழ் குறைந்து, ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு நியூட்ரோபில் 500-க்கும் தட்டணு 20,000-க்கும் கீழாக இருந்தால் அது கடும் நோய். நோய் மிதமாக இருந்தால் கண்காணிப்பும் மாத்திரைகளும் போதுமானதாக இருக்கலாம். கடும் நோய் வந்த நாற்பது வயதுக்குட்பட்டவருக்குப் பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால், மஜ்ஜை மாற்று முதல் தேர்வு. வயது கூடியவருக்கும் பொருத்தம் இல்லாதவருக்கும் ஏ.டி.ஜி., சைக்ளோஸ்போரின், எல்ட்ராம்போபேக் ஆகியவை முதல் தேர்வு. இவ்வாறு குணமானவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மஜ்ஜை அணுக்கள் மாறுபட்டு ரத்தப் புற்றுநோயாவது உண்டு. அப்போது தரப்படும் கீமோதெரபிதான் பொதுமக்கள் நினைக்கும் பொருளிலான புற்றுநோய்ச் சிகிச்சை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்று சிகிச்சை இடம்பெற்றுள்ளது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உள்ளது.

எடுக்க வேண்டிய கவனம்

பெரிய மருத்துவமனையை அடையும் முன்பே, உள்ளூரில் எடுக்கும் முடிவுகள் பின்னர் வரும் சிகிச்சையின் வெற்றியைத் தீர்மானிக்கக்கூடும். அவற்றுள் தலையாயது ரத்தம் ஏற்றுதல். நம் ஊர்களில் ஒருவருக்கு ரத்தம் தேவை என்றதும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை முதலில் கை நீட்டுவர். அன்பின் வெளிப்பாடான இச்செயல் இந்நோயில் தீங்காகலாம். உடன்பிறந்தாரின் ரத்தம் ஏறினால், நோயாளியின் உடல் அவர்களுடைய அணுக்களுக்கு எதிராகப் பழகிவிடும். பின்னர் அதே உடன்பிறப்பின் மஜ்ஜை பொருந்தியிருந்தும் அது நிராகரிக்கப்படக்கூடும். ரத்தம் ஏறாத நிலையில் மாற்று சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பலன் மிகச் சிறப்பாக இருந்ததை ஸ்டார்ப் குழுவினர் 1980-லேயே காட்டியுள்ளனர். ஆகவே ரத்த வங்கியிலிருந்து, உறவினர் அல்லாதோரின் ரத்தத்தை, தேவையான அளவு மட்டும் ஏற்றுவதே முறை. வெள்ளையணு நீக்கி, கதிரூட்டிய ரத்தம் கிடைத்தால் மிக நன்று.

வெள்ளையணு குறைந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்கலாகாது. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். தட்டணு குறைந்தவருக்குத் தசையில் ஊசி போடுவதையும் ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். களைப்பும் ரத்தக் கசிவும் காய்ச்சலும் ஒன்றாக வந்து, ரத்தப் பரிசோதனையில் மூவகை அணுக்களும் குறைந்திருந்தால், சத்து மாத்திரையில் வாரங்களைக் கழிக்காமல் மஜ்ஜைப் பரிசோதனைக்குச் செல்வது அவசியம்.

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்று இயங்குகிறது. போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குச் சாலையும் ரயில் பாதையும் உள்ளன. சாலை வழியே ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மஜ்ஜை மாற்றைத் தொடங்கி நாற்பது ஆண்டு கண்ட ஒரு மையம் இவ்வளவு அருகில் இருக்கும் மாவட்டங்கள் இந்தியாவில் மிகச் சிலவே. அங்கு செல்லும் நோயாளியின் உடன்பிறந்தோர், ரத்தம் கொடுக்காமல் உடன் சென்று எச்.எல்.ஏ. பரிசோதனைக்குத் தங்கள் மாதிரியைத் தருவது அவருக்குச் செய்யும் முதல் உதவி ஆகும்.